மூச்சின் குறையா, ரீடின் குறையா: ஒரு மவுத் ஆர்கன் பழகுநரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குரியவர் சென்னையில் அலுவலகப் பணியில் இருக்கும், நாற்பது வயதைக் கடந்த ஒருவர். சிறு வயதில் சில ஆண்டுகள் வாய்ப்பாட்டு பயின்றவர் என்பதால் சுரஞானம் உண்டு. சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு பாடும் பழக்கமும் விட்டுப்போகவில்லை. மவுத் ஆர்கன் என்று நாம் பொதுவாக அழைக்கும் ஹார்மோனிகாவை அவர் ஆசிரியர் துணையின்றி, காணொளிகளைப் பார்த்தே பழகத் தொடங்கினார். கருவிகளைப் பிரித்துச் சீர்செய்யும் பழக்கம் எனக்கு உண்டு என்பதை அறிந்து என்னிடம் வந்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவருக்கு நேர்ந்த தடுமாற்றங்களை இங்கே பதிவு செய்வதற்குக் காரணம் அவை அரியவை என்பதன்று. பழகும் எல்லோருக்கும் நேர்பவை என்பதே. கருவியின் அமைப்பால் வந்த தடையை அவர் தன் இயலாமை என்று எண்ணினார். தன் மூச்சால் வந்த குறையைக் கருவியின் பழுது என்று எண்ணினார். பின்னர் கருவி உண்மையிலேயே பழுதானபோது மறுபடியும் தன்னையே நொந்துகொண்டார்.

முதல் கருவி

அவர் முதலில் வாங்கியது இருபத்து நான்கு துளைகள் கொண்ட ட்ரெமோலோ வகை. விலை குறைவு என்பதாலும், கண்ணாடிப் பெட்டியில் முன்வரிசையில் இருப்பது பெரும்பாலும் அதுவே என்பதாலும், நம் ஊர்க் கடைகளில் மவுத் ஆர்கன் கேட்பவர் கைக்கு வருவது இந்த வகைதான். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடுகள், அதாவது மூச்சில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோக நாக்குகள், உண்டு. அவ்விரண்டும் மிகச் சிறிய சுருதி வேறுபாட்டுடன் அமைக்கப்பட்டிருப்பதால் ஒலியில் ஓர் அலைவு பிறக்கிறது. மெல்லிசைப் பாடல்களுக்கு அது அழகாகவே பொருந்தும். அவரும் சில மாதங்களில் பழைய திரைப்பாடல்கள் பலவற்றைத் தடையின்றி வாசிக்கும் நிலைக்கு வந்தார்.

ஆனால் அவரை இந்தக் கருவியின்பால் ஈர்த்தது அந்த அலைவு அன்று. ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையில் கலைஞர்கள் ஒரு சுரத்தை அழுத்திக் கீழே வளைத்து, விம்முவதுபோல் எழுப்பும் ஒலி. பெண்ட் எனப்படும் அந்த வித்தையைச் சொல்லித்தரும் காணொளிகள் அனைத்தையும் பார்த்து, நாக்கைப் பின்னுக்கு இழுத்து, தாடையை இறக்கி, எவ்வளவு முயன்றும் ஒன்றும் நிகழவில்லை. தனக்கு வாயமைப்பு சரியில்லை என்ற முடிவுக்கே அவர் வந்துவிட்டிருந்தார்.

உண்மையில் அங்கே தடையாக நின்றது கருவியின் உள்ளமைப்பு. ப்ளூஸ் கலைஞர்கள் வாசிப்பது டயட்டானிக் எனப்படும், ஒரே சுருதியின் ஏழு சுரங்களுக்கென அமைந்த பத்துத் துளைக் கருவி. அதில் ஒவ்வொரு துளைக்கும் ஓர் அறை. அந்த ஓர் அறைக்குள் ஊதும்போது ஒலிக்கும் ரீடும் இழுக்கும்போது ஒலிக்கும் ரீடும் ஒன்றுக்கொன்று எதிரே இருக்கின்றன. மூச்சை இழுத்து ஒரு சுரத்தை வளைக்கும்போது, வாயறையின் ஒத்ததிர்வை நாக்கு மாற்ற மாற்ற, இழுப்பு ரீடின் சுருதி இறங்குவதோடு எதிரே உள்ள ஊது ரீடும் அதிரத் தொடங்குகிறது. ஆழமான பெண்டில் பெரும்பங்கு ஒலி அந்த இரண்டாவது ரீடிலிருந்தே வருகிறது. 1998இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் பான்சன் முதலானோர் வெளியிட்ட ஆய்வு இந்தக் கூட்டுச் செயலை அளந்து காட்டியது. ட்ரெமோலோவிலோ ஒவ்வொரு ரீடுக்கும் தனியறை. துணைக்கு வர வேண்டிய ரீடு அடுத்த அறையில் இருக்கும்போது நாக்கு மட்டும் என்ன செய்ய முடியும்?

டயட்டானிக் கருவியைத் தேர்ந்தது

பத்துத் துளை டயட்டானிக் ஒன்றை வாங்குவது என்று முடிவானதும் அவருக்கு எழுந்த கேள்விகள் இரண்டு: எந்தச் சுருதி, எந்தப் பொருளால் ஆனது. முதல் கேள்விக்கு விடை எளிது. பாடப் புத்தகங்களும் காணொளிப் பாடங்களும் பெரும்பாலும் சி சுருதிக் கருவியை வைத்தே அமைந்தவை. நம் கணக்கில் அது ஒரு கட்டை. வழக்கமாகக் கிடைக்கும் சுருதிகளில் தாழ்ந்த ஜியில், அதாவது ஐந்து கட்டையில், ரீடுகள் நீளமானவை என்பதால் பெண்ட் மெதுவாகவே மறுமொழி தரும். உயர்ந்த எஃப் கருவியிலோ நாக்கின் மிகச் சிறிய அசைவுக்கே சுரம் நழுவிவிடும். சி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

இரண்டாவது கேள்வியில்தான் வணிகப் பேச்சு மிகுதி. ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஊரில் 1857இல் தொடங்கப்பட்ட ஹோனர் நிறுவனம் 1896இல் வெளியிட்ட மரைன் பேண்ட், பேரிமரத்தால் ஆன நடுச்சட்டத்தின் மேலும் கீழும் பித்தளைத் தகடுகளை ஆணியால் அறைந்து செய்யப்பட்டது. ப்ளூஸ் இசையின் புகழ்பெற்ற ஒலிப்பதிவுகள் பல அந்தக் கருவியில் பிறந்தவை என்பதால் மரத்துக்குத் தனி இனிமை உண்டு என்ற நம்பிக்கை இன்றும் வலுவாக இருக்கிறது. என் கணிப்பில், நடுச்சட்டம் எந்தப் பொருளால் ஆனது என்பதைவிட, அது வளைவின்றி மட்டமாக இருந்து தகட்டோடு காற்றுக் கசியாமல் படிகிறதா என்பதே ஒலியைத் தீர்மானிக்கிறது. மெழுகு பூசாத மரம் எச்சிலில் ஊறி உப்பும். அதன் பற்கள் துளை வாயில் நீட்டிக்கொண்டு உதட்டைக் கிழிக்கும். காய்ந்தால் சுருங்கிக் கசியும். ஆணி அறைந்த தகட்டைக் கழற்றித் துடைப்பதும் தொடக்க நிலையில் இருப்பவருக்கு இயலாத வேலை. ஆகவே பிளாஸ்டிக் நடுச்சட்டமும் திருகாணிகளும் கொண்ட, நடுத்தர விலையுள்ள ஒன்றை வாங்கச் சொன்னேன். மிக மலிவான கருவிகளில் ரீடுக்கும் அது அசையும் தகட்டுப் பிளவுக்கும் இடையே காற்று வீணாகிறது. அவற்றில் பழகுபவர் தேவைக்கு மீறி ஊதவும் இழுக்கவும் பழகிவிடுகிறார். அந்தப் பழக்கத்தைப் பின்னர் மாற்றுவது கடினம். வல்லுநர் கையால் செப்பனிட்ட விலையுயர்ந்த கருவியும் இந்தக் கட்டத்தில் தேவையில்லை.

இரண்டாம் துளை

புதுக் கருவி வந்த சில நாள்களில் அவர் அதைத் திருப்பி அனுப்பும் முடிவோடு வந்தார். “இரண்டாவது துளையில இழுத்தா சத்தமே வரல சார், வந்தாலும் அடைச்ச மாதிரி இருக்கு. ரீடு போயிடுச்சு போல” என்றார்.

டயட்டானிக் கருவியைப் பற்றி விற்பனையாளர்களுக்கு வரும் முறையீடுகளில் மிகவும் பொதுவானது இதுதான். சோதித்தறிவதும் எளிது. சி கருவியில் இரண்டாம் துளையை இழுத்தாலும் மூன்றாம் துளையை ஊதினாலும் ஒரே பஞ்சமம்தான் ஒலிக்க வேண்டும். மூன்றை ஊதிக் கேட்டுவிட்டு இரண்டை இழுக்கச் சொன்னேன். அவருடைய இழுப்பில் சுருதி கணிசமாகத் தாழ்ந்து, ஒலி அடைபட்டு வந்தது. நான் இழுத்தபோது அதே ரீடு மூன்றாம் துளையின் ஊதலோடு இம்மியும் பிசகாமல் சேர்ந்தது. ரீடில் பழுதில்லை.

நடந்தது என்னவென்றால், ட்ரெமோலோவில் மாதக்கணக்கில் பெண்டுக்கு முயன்றதால் அவர் நாக்கு இழுக்கும்போதெல்லாம் தானாகவே பின்னால் மேலெழுந்து காற்று வழியைக் குறுக்கிக்கொண்டிருந்தது. அதாவது அவர் தேடி அலைந்த பெண்டை, தன்னையறியாமல், அரைகுறையாகச் செய்துகொண்டிருந்தார். தாழ்ந்த துளைகளின் ரீடுகள் இந்தக் குறுக்கத்துக்கு எளிதில் இரையாகும். மூக்கை விரலால் மூடிக்கொண்டு இழுக்கச் சொன்னபோது ஒலி சற்றுத் தெளிந்தது. ஆகவே மூக்கின் வழியாகவும் காற்று கசிந்திருக்கிறது. கொட்டாவி விடுவதுபோலத் தொண்டையைத் திறந்து, உதடுகளை இன்னும் ஆழமாகக் கருவியின் மீது பொருத்தி, இழுக்காமல் இயல்பாக மூச்சை உள்வாங்குவது என்ற ஒரே பயிற்சியை, ஒன்று முதல் நான்கு வரையிலான துளைகளைச் சேர்த்து ஒலிப்பதில் தொடங்கி, பிறகு இரண்டாம் துளையை மட்டும் தனித்து ஒலிப்பதுவரை செய்தார். சில வாரங்களில் அந்தத் துளை திறந்தது. அதே நாக்கை வேண்டுமென்றே உயர்த்தும்போது பெண்டும் வந்தது.

இல்லாத சுரங்கள்

சுரம் அறிந்தவருக்கு மட்டுமே எழக்கூடிய ஓர் ஐயம் அடுத்து வந்தது. நடுத்தாயியில் (மத்திய ஸ்தாயியில்), நான்காம் துளையை ஊதித் தொடங்கினால் ச, இழுத்தால் ரி. ஐந்தில் க, ம. ஆறில் ப, த. ஏழில் மட்டும் முறை தலைகீழாகி இழுத்தால் நி, ஊதினால் மேல் ச. தீரசங்கராபரண ராகத்தின் ஏழு சுரங்களும் முழுமையாக இருக்கின்றன. ஆனால் ஒன்று முதல் மூன்று வரையிலான துளைகளில் ச, ரி, க, ப, நி மட்டுமே உண்டு. மத்தியமமும் தைவதமும் இல்லை. பஞ்சமம் இரண்டு முறை வருகிறது. போலிக் கருவியோ என்று அவர் ஐயுற்றார்.

ரிக்டர் அமைப்பு எனப்படும் இந்த ஏற்பாடு தனிச்சுரத்தைவிடக் கூட்டொலியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. கீழ்த்துளைகளை ஊதினால் ச-க-ப, இழுத்தால் ப-நி-ரி என்று இரண்டு கூட்டொலிகள் கிடைக்க வேண்டும் என்பதற்காக ம, த இரண்டும் கைவிடப்பட்டன. அவற்றை மீட்கும் வழி பெண்ட் மட்டுமே. ஒரு துளையின் இரு ரீடுகளில் உயர்ந்த சுரமே வளையும். தாழ்ந்த சுரத்துக்கு ஓர் அரைச்சுரம் மேலே அது நின்றுவிடும். மூன்றாம் துளையில் பஞ்சமத்துக்கும் நிஷாதத்துக்கும் இடையே மூன்று அரைச்சுரங்கள் இருப்பதால் மூன்றும் கிடைக்கும். நடுவில் உள்ளதே நமக்கு வேண்டிய தைவதம். இரண்டாம் துளையில் இரண்டு. அடிவரை வளைத்தால் மத்தியமம். ஐந்தாம் துளையில் அந்தர காந்தாரமும் சுத்த மத்தியமமும் அடுத்தடுத்து நிற்பதால் இடையில் சுரமே இல்லை. சிறிதளவு குழையும், அவ்வளவே. தைவதத்தில் நேராக நிற்பது அவருக்குப் பல மாதங்கள் பிடித்தது. இரண்டு பக்கமும் சறுக்க இடமிருக்கும் சுரம் அது. எங்கே நிற்பது என்பதைக் காது மட்டுமே சொல்ல முடியும். சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு தைவதத்தைப் பாடி, உடனே அதை மூன்றாம் துளையில் தேடிப் பிடித்த முறை அவருக்குப் பலன் தந்தது. வாய்ப்பாட்டுப் பயிற்சி இங்கே கைகொடுத்தது போல வேறெங்கும் கைகொடுக்கவில்லை.

டியூனர் காட்டிய தாழ்வு

பெண்டைச் சரிபார்ப்பதற்காகக் கைபேசியில் சுருதியை அளந்து காட்டும் ஒரு டியூனர் செயலியை நிறுவியவர், வளைக்காத சுரங்களையும் அதில் சோதித்துப் பார்த்தார். காந்தாரம் சில சென்ட் (ஓர் அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்ந்திருந்தது. ஐந்தாம் துளையின் மத்தியமம் அதைவிடவும் தாழ்ந்திருந்தது. இருபது ரீடுகளின் அளவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, மெல்லிய அரத்தால் ரீடுகளைச் சுரண்டிச் சரிசெய்யலாமா என்று கேட்டார்.

இதுவும் பழுதன்று. செயலி ஒரு தாயியைப் பன்னிரண்டு சமப் பங்குகளாகப் பிரித்த அளவை வைத்து மதிப்பிடுகிறது. அந்த அளவில் அமைத்த காந்தாரம், ஷட்ஜத்தோடு 5:4 விகிதத்தில் இயல்பாக இணையும் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் உயர்ந்தது. ஹார்மோனிகாவில் கூட்டொலிகள் அலைவின்றி ஒலிக்க வேண்டும் என்பதற்காகப் பல தயாரிப்பாளர்கள் அந்த இயல்பு விகிதத்துக்கும் சமப்பங்குக்கும் இடைப்பட்ட ஓர் அளவில் ரீடுகளை அமைக்கிறார்கள். இரண்டு முதல் ஐந்து வரையிலான இழுப்புச் சுரங்கள் 4:5:6:7 என்ற விகிதத்தில் முழுமையாக இணைய வேண்டுமானால் ஐந்தாம் துளையின் மத்தியமம் சம அளவைவிட 31 சென்ட் தாழ வேண்டும். பழைய மரைன் பேண்ட் அவ்வாறே அமைந்திருந்தது. மாறாக, ஜப்பானின் டோம்போ நிறுவனம் தயாரிக்கும் லீ ஆஸ்கர் கருவிகள் சம அளவில் வருகின்றன. தனிச்சுரமாக மெட்டு வாசிப்பவர்களுக்கு அவை ஏற்றவை. மூச்சின் அழுத்தத்தில் சுருதி சற்று இறங்கும் என்பதால் அடிப்படையான ஏ சுரத்தை 440க்குப் பதிலாக 442, 443 ஹெர்ட்ஸ் அளவில் அமைப்பதும் உண்டு.

வியப்பு என்னவென்றால், சுருதிப் பெட்டியோடு வாசித்தபோது அந்தக் காந்தாரம் அவர் காதுக்குச் சிறிதும் உறுத்தவில்லை. தம்புராவின் நாதத்தில் தானாக எழும் காந்தாரமும் 5:4 விகிதத்தைச் சேர்ந்ததுதான். காது ஏற்றுக்கொண்டதை எந்திரம் தவறென்றபோது அவர் எந்திரத்தை நம்பினார். அரத்தை எடுக்க வேண்டாம் என்று தடுத்தேன். தாளை மட்டும் பத்திரப்படுத்தச் சொன்னேன்.

ஐந்தாம் ரீடு

இரண்டாம் ஆண்டில் அவர் வாசிப்பு வலுப்பெற்றது. குடியிருப்பு விழா ஒன்றுக்காகக் கீபோர்டு வாசிப்பவரோடு சேர்ந்து ஒத்திகை செய்தார். கீபோர்டின் ஒலிபெருக்கியோடு போட்டியிட்டு, ஒலிவாங்கி இல்லாமல், முழு மூச்சையும் செலுத்தி வாசித்த காலம் அது. அதன் பிறகு ஐந்தாம் துளையின் இழுப்பில் மத்தியமம் இடறத் தொடங்கியது. நாக்கு மறுபடியும் மேலெழுகிறது, பழைய குறை திரும்பிவிட்டது என்று அவரே முடிவுகட்டி, தொண்டையைத் திறக்கும் பயிற்சிக்குத் திரும்பியிருந்தார்.

மிக மென்மையாக இழுத்துப் பார்த்தபோதும் சுருதி தாழ்ந்தே இருந்தது என்பது முதல் குறிப்பு. மூச்சால் வரும் தாழ்வு மென்மையாக இழுக்கும்போது குறையும். அவர் குறித்துவைத்த தாளோடு ஒப்பிட்டது இரண்டாவது. பிற பத்தொன்பது ரீடுகளும் சில சென்ட் வேறுபாட்டுக்குள் இருக்க, ஐந்தின் இழுப்பு மட்டும் தொடக்க அளவைவிட முப்பது சென்டுக்கு மேல் இறங்கியிருந்தது. வடிவமைப்பிலேயே தாழ்வாக அமைந்த ரீடு என்பதால், அந்தத் தாள் இல்லையென்றால் இந்த வீழ்ச்சியை உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

ரீடு தாழ்வதற்குக் காரணங்கள் சில உண்டு. நுனியில் அழுக்கு படிந்தால் எடை கூடிச் சுருதி இறங்கும். அதைத் துடைத்தால் மீளும். ரீடைத் தகட்டோடு பிணைக்கும் ரிவெட்டுக்கு அருகில் உலோகம் களைப்புற்று நுண்ணிய விரிசல் கண்டால் விறைப்பு குறைந்து சுருதி இறங்கும்; அது மீளாது. இழுப்பு ரீடுகள் கீழ்த் தகட்டின் வெளிப்புறத்தில் இருப்பதால் கீழ் மூடியைக் கழற்றியதும் கண்ணுக்குத் தெரியும். பல்குத்தும் குச்சியால் ரீடைத் தடவிச் சுத்தம் செய்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பிளவில் ஒன்றும் சிக்கவில்லை என்று உறுதிசெய்து, ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பின்னரும் அளவு மாறவில்லை. குச்சியால் மெல்ல மீட்டியபோது பக்கத்து ரீடுகள் மணிபோல் நின்று ஒலிக்க, இது உடனே அடங்கியது. விரிசல் என்றே முடிவு செய்தேன்.

நுனியில் சிறிது உலோகத்தைச் சுரண்டினால் சுருதி உயரும். ரிவெட்டுப் பக்கம் சுரண்டினால் தாழும். அந்த முறையால் இந்த ரீடின் சுருதியை ஒரு வார காலம் உயர்த்திவைக்கலாம், ஆனால் விரிசல் வளர்ந்து மறுபடியும் இறங்கும். தகடுகளைத் தனியே விற்கும் நிறுவனங்கள் உண்டு என்றாலும் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் செலவைச் சேர்த்தால் பெரும்பாலும் புதுக் கருவியின் விலையை நெருங்கிவிடும். அதே வகையில் மற்றொன்றை வாங்கி, பழையதைப் பிரித்துப் பழகுவதற்கு வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஜெர்மனியின் கிளிங்கன்டால் ஊரில் உள்ள சைடல் நிறுவனம் துருப்பிடிக்காத எஃகில் ரீடு செய்கிறதே, அதை வாங்கலாமா என்றும் கேட்டார். வாங்கலாம், ஆயினும் ஒலிபெருக்கியோடு போட்டியிடும் மூச்சைக் குறைத்து ஓர் ஒலிவாங்கி வைத்துக்கொள்வது அதைவிட முதன்மையானது என்பது என் கருத்து.

பராமரிப்பு

பழைய கருவியைப் பிரித்ததில் தெரிந்தவை சில. தகட்டின் உட்புறத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது; சர்க்கரை கலந்த ஏதோ ஒன்று துளை ஓரங்களில் பிசுபிசுத்தது. மாலைக் காப்பி குடித்த வாயோடு வாசிக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. வாசித்ததும் ஈரத்தோடே பெட்டியில் வைத்து மூடிவிடுவார். கடற்கரை ஊரின் காற்றில் அந்த ஈரம் எளிதில் உலராது. வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு வாசிப்பதும், முடித்த பின் துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு உள்ளங்கையில் தட்டி எச்சிலை வெளியேற்றி, சிறிது நேரம் திறந்தே வைத்த பிறகு மூடுவதும் போதும். குளிரூட்டிய அறையில் வாசிப்பதற்கு முன் கருவியைக் கையிலோ சட்டைப் பையிலோ வைத்து உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர வேண்டும். குளிர்ந்த உலோகத்தில் மூச்சின் ஈரம் படிந்து ரீடு ஒட்டிக்கொள்வது பலமுறை பழுது என்று தவறாகக் கருதப்படுகிறது. ஒலி கூடும் என்று கருவியைத் தண்ணீரில் ஊறவைப்பது மரச் சட்டத்தைக் கெடுக்கும் பழைய வழக்கம், கைவிடத் தக்கது.

பிரித்துப் பூட்டுவதில் அவருக்கு நான் வலியுறுத்தியது, திருகாணிகளை ஒரே சீராக, ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும் என்பதே. ஒரு பக்கம் மட்டும் இறுகினால் மறுபக்கம் கசியும். ரீடின் நுனிக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பழைய கருவியில் மாற்றிப் பார்த்து அறிந்துகொண்டார். ஏறத்தாழ ரீடின் தடிமன் அளவுக்கு இடைவெளி இருப்பது தொடக்க அளவாகக் கொள்ளத் தக்கது. அதிகமானால் காற்று விரயம், சுரம் தாமதமாக எழும். குறைந்தால் வலுவாக வாசிக்கும்போது ரீடு திணறி நின்றுவிடும்.

அடுத்த சுருதி

இப்போது அவர் வாசிக்கக் கேட்பது கரகரப்பிரியா ராகம். ஒரு கட்டையை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் சி கருவியின் நடுத்தாயியில் சாதாரண காந்தாரமும் கைசிகி நிஷாதமும் பெண்டால் கிடைக்கா. அமெரிக்கக் கலைஞர் ஹோவர்ட் லெவி வளர்த்தெடுத்த ஓவர்புளோ என்ற முறையால், அதாவது ஊதும்போதே அதே துளையின் இழுப்பு ரீடை ஒலிக்கச் செய்து, எழுப்பலாம். ஆனால் அதற்கு இடைவெளியை மிக நெருக்க வேண்டும், நெருக்கிய ரீடு அவருடைய வலுவான மூச்சைத் தாங்காது. இங்கே குறை இரு பக்கமும் இருக்கிறது. ஆகவே பி ஃபிளாட் கருவி ஒன்றை, அதாவது ஆறரைக் கட்டையில், வாங்கப் பரிந்துரைத்திருக்கிறேன். சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாகக் கொள்ளும் கிரகபேதம் கரகரப்பிரியா என்பதை அவர் அறிவார். அந்தக் கருவியில் நான்காம் துளையின் இழுப்பு ஒரு கட்டை ஷட்ஜமாகி, அங்கிருந்து எட்டாம் துளையின் இழுப்புவரை ஏழு சுரங்களும் ஒரு பெண்டும் இன்றிக் கிடைக்கும். ச, க, ப, த நான்கும் இழுப்பில் அமைவதால் நுரையீரல் விரைவில் நிறைந்துவிடும் என்பது ஒன்றே இடர்ப்பாடு. ரி, ம, நி ஆகிய ஊது சுரங்களில் மூச்சை விட்டுக்கொள்ளும் இடங்களை ஆலாபனை தொடங்கும் முன்பே அவர் திட்டமிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.